எலியும் காற்றுத் துப்பாக்கியும்: மறைக்காட்டுக் கொல்லையை முன்வைத்து

காற்றுத் துப்பாக்கி என்பது வெடிமருந்தின் துணையில்லாமல், அழுத்திய காற்றின் தள்ளலால் ஈயக் குண்டை வெளியேற்றும் கருவி. கொல்லை என்பது வீட்டின் பின்புறத்தில் கிணறு, முருங்கை, துணிக்கொடி, அடுத்த வீட்டாரின் பார்வை ஆகிய நான்கும் அடங்கிய நிலம். முன்னதைப் பின்னதற்குள் கொண்டுவரும் காரணப் பொருள் எலி. இம்மூன்றின் உறவை, பழைய பெயர் திருமறைக்காடு என்று வழங்கிய வேதாரண்யத்தில் வைத்து ஆராய்வதே முறை. ஏன் முறை என்பது போகப் போக விளங்கும்.

காற்றை அடைக்கும் விதத்தால் இக்கருவி மூவகைப்படும். முதல் வகை சுருள்வில் துப்பாக்கி. குழலைக் கீழே மடித்தால் உள்ளிருக்கும் சுருள்வில் இறுகும். விசையை இழுத்தால் வில் விடுபட்டு உந்துதண்டைத் தள்ளும். தண்டு முன்னிருக்கும் காற்றை நெருக்கும். காற்று குண்டை விரட்டும். ஒரு மடிப்புக்கு ஒரு சூடு. மாசிமகத் திருவிழாக் கடைத்தெருவில் பலூன் பலகைக்கு எதிரே வாடகைக்குக் கிடைப்பது இதுதான். தமிழ்நாட்டில் துப்பாக்கி பிடித்தவர்களில் பெரும்பாலோர் பிடித்தது இதை மட்டுமே. பலூன் உடையாததற்குக் காரணம் குறிமுள் வளைந்திருப்பதே என்பது எல்லா ஊர்களிலும் ஏற்கப்பட்ட கொள்கை. இரண்டாம் வகை, கையால் பலமுறை அடித்துக் காற்றேற்றுவது. மூன்றாம் வகையில், முன்கூட்டியே ஏறத்தாழ 200 பார் அழுத்தத்தில் நிரப்பிய உருளை பொருத்தப்பட்டிருக்கும். சைக்கிள் கடையில் காற்றடித்துக்கொள்ளலாம் என்று எண்ணி இதை வாங்குவோர் சைக்கிள் கடைக்காரரையும் துப்பாக்கியையும் ஒருசேர அவமதிக்கிறார்கள்.

மூன்றாம் வகைக்குப் பெரிய வரலாறு உண்டு. ஜிரார்டோனி என்பவர் வடித்த காற்றுத் துப்பாக்கியை ஆஸ்திரியப் படை பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் பயன்படுத்தியது. அதன் உருளையை நிரப்பக் கைப்பம்பால் ஏறத்தாழ 1,500 முறை அடிக்க வேண்டியிருந்தது. 1804இல் அமெரிக்க மேற்குப் பகுதியைத் தேடிப் புறப்பட்ட லூயிஸ், கிளார்க் குழுவும் ஒரு காற்றுத் துப்பாக்கியைச் சுமந்து சென்றது. வழியில் சந்தித்த பழங்குடியினர் முன் அதைச் சுட்டுக் காட்டி வியக்கவைத்தனர். எதிரே இருப்பவருக்குக் காட்டுவதே இக்கருவியின் தலையாய பயன் என்பது அன்றே நிலைபெற்றுவிட்டது. அடுத்த வீட்டு மாடியிலிருந்து பார்ப்பவர்களைப் பொறுத்தவரை இன்றும் அதில் மாற்றமில்லை.

வலிமை குறித்து. இந்தியாவில் 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, குழல் துளை 4.5 மில்லிமீட்டருக்கும் குண்டின் ஆற்றல் 20 ஜூலுக்கும் மிகாத காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் தேவையில்லை. அரை கிராம் குண்டு வினாடிக்கு 200 மீட்டர் வேகத்தில் புறப்பட்டால் அதன் ஆற்றல் 10 ஜூல். இதன் அளவை உணர ஓர் ஒப்பீடு போதும்: ஒன்றரைக் கிலோ தேங்காய் பத்து மீட்டர் உயரத்திலிருந்து விழும்போது தரையைத் தொடும் ஆற்றல் ஏறத்தாழ 147 ஜூல். தென்னைக்கு எவரும் உரிமம் கேட்பதில்லை. ஆயினும் குண்டு ஊசிமுனை போன்ற சிறு இடத்தில் பாய்வதால் கண்ணைப் பறிக்கும், தோலைத் துளைக்கும். கருங்கல் சுவரில் பட்டால் திரும்பியும் வரும். இதை விளையாட்டுப் பொருள் என்று வகைப்படுத்துவோர் பலூன் கடையை மட்டுமே பார்த்தவர்கள்.

துல்லியம் குறித்து. ஒலிம்பிக்கில் 10 மீட்டர் காற்றுத் துப்பாக்கிப் போட்டி 1984 முதல் உள்ளது. இலக்கின் நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 2019இல் ரியோ உலகக் கோப்பையில் தங்கம் வென்றது இப்பிரிவில்தான். பத்து மீட்டர் என்பது வேதாரண்யத்து வீடொன்றின் பின்கட்டுக்கும் வைக்கோல்போருக்கும் இடையேயான தூரமே என்பதால், ஒப்பீடு பொருந்தும் என்று தோன்றும். பொருந்தாது. காகித இலக்கு பகலில் வரும்; அசையாது; சுடுபவரைக் கண்டதும் தென்னை மரத்தில் ஏறாது.

இனி இலக்குகள். ஆய்வின் கடினமான பகுதி இது. ஏனெனில் வேதாரண்யத்தில் கொல்லைக்கு வரும் உயிர்களில் சுடத்தக்கது எது என்று ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்தால், பட்டியல் வேகமாகக் குறைகிறது.

மயில் கடலைச் செடியைக் கிளறும். ஆனால் அது தேசியப் பறவை, வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பது. வேட்டையாடினால் 3 முதல் 7 ஆண்டு சிறை. குரங்கைச் சுடச் சட்டமும் விடாது, அனுமார் கோயில் உபயதாரரும் விடமாட்டார். அணில் மாம்பிஞ்சைக் கடிக்கும். அதன் முதுகில் இராமரின் விரல்கோடு. பக்கத்துக் கோடியக்கரைக் காட்டிலேயே இராமர் பாதம் என்று ஓரிடம் இருப்பதால், இங்கே அந்தக் கோட்டை அலட்சியம் செய்ய முடியாது. காகத்தின் நிலை இன்னும் சிக்கலானது. ஆடி, தை அமாவாசைகளில் முன்னோருக்குத் திதி கொடுக்க மக்கள் திரண்டு வந்து கடலாடும் ஊர் இது. அமாவாசையன்று இலைபோட்டுக் கா கா என்று அழைத்தவரையே அடுத்த செவ்வாய்க்கிழமை குறிபார்ப்பது குடும்ப வழக்காறுகளுக்கு ஒவ்வாது.

கடலோரம் வரும் பறவைகளைப் பற்றிப் பேச்சே இல்லை. கோடியக்கரை 1967 முதல் சரணாலயம். 2002இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. பூநாரையும் உள்ளானும் ஆர்க்டிக் பக்கத்திலிருந்து வரும் கொசு உள்ளான்களும் இறங்கும் இடம். அனுமதியில்லாமல் ஆயுதத்துடன் சரணாலயத்துக்குள் நுழைவதே குற்றம். ‘எலி தேடி வந்தேன்’ என்ற விளக்கத்தை வனக்காவலர் ஏற்பார் என்று கருத இடமில்லை.

காகம், பழந்தின்னி வௌவால், சுண்டெலி, எலி ஆகிய நான்கையும் 1972ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஐந்தாம் அட்டவணை தீங்குயிரி என்று ஒதுக்கி வைத்திருந்தது. 2022 திருத்தத்தில் அந்த அட்டவணையே நீக்கப்பட்டு, 2023 ஏப்ரல் 1 முதல் புதிய முறை நடப்புக்கு வந்தது. இனி ஓர் உயிரைத் தீங்குயிரி என்று அறிவிக்க மத்திய அரசு தனியே அறிவிக்கை வெளியிட வேண்டும். அரை நூற்றாண்டு இருந்த பட்டத்தை இழந்தது எலிக்குத் தெரிந்ததாக அறிகுறி இல்லை. எனினும் கழித்தல் முறையில் எஞ்சி நிற்பது அதுவே.

எலியிலும் பகுப்பு வேண்டும். நீண்ட மூக்கும் கீச்சுக் குரலும் நாற்றமும் கொண்டு சுவரோரமாக ஓடும் மூஞ்சூறு எலியே அன்று. அது கொறிணி வகையில் சேராது. தின்பது கரப்பானும் பூச்சியும். பிள்ளையாரின் வாகனம் என்பது கூடுதல் தகுதி. வீட்டெலி தென்னையின் உச்சியில் குடியிருந்து குரும்பையைத் துளைக்கும். பெருச்சாளி சாக்கடையோரத்தில் குழிபறிக்கும். வரப்பெலி வயலில் கதிரை அறுத்து வளைக்குள் சேர்க்கும். கூட்டுறவு வங்கிக் கடன் இல்லாமல் நெல் சேமிக்கும் ஒரே விவசாயி என்று இதைச் சொல்லலாம்.

இவ்வாறு இலக்கு உறுதிப்பட்ட இடத்தில்தான் தலபுராணம் குறுக்கிடுகிறது. மறைக்காட்டுக் கோயிலில் அணையும் நிலையிலிருந்த விளக்கின் நெய்யைக் குடிக்க ஓர் எலி வந்தது. சுடர் மூக்கைச் சுட, துள்ளியதில் திரி தூண்டப்பட்டு விளக்கு நின்று எரிந்தது. அந்தப் புண்ணியத்தால் எலி மறுபிறவியில் மாவலிச் சக்கரவர்த்தியாய்ப் பிறந்து மூவுலகையும் ஆண்டது. அப்பர் தேவாரத்திலும் இந்த எலி வருகிறது. வேதாரண்யம் விளக்கழகு என்ற வழக்கையும் இதையும் சேர்த்துப் பார்ப்பவர்கள் உண்டு. அன்று கோயில் மடப்பள்ளியில் எவராவது ஒரு காற்றுத் துப்பாக்கி வைத்திருந்தால் மாவலி இல்லை; மாவலி இல்லையேல் வாமனரும் இல்லை; கேரளத்தில் ஓணமும் இல்லை. எனவே இவ்வூரில் எலியைக் குறிபார்ப்பவர் தம் மனத்தில் கொல்லைக் காவலர். புராண நோக்கில் அரசகுலத்துக்கு எதிரான சதிகாரர். நெய் குடிக்கவந்த எலிக்கு மூவுலகு என்றால், தேங்காய் தின்னவந்த எலிக்கு என்ன கிடைக்கும் என்பது தனி ஆய்வுக்குரியது.

புராணத்தை ஒதுக்கினாலும் நடைமுறை ஒதுங்காது. எலி நடமாடுவது இரவில். ஒரு கையில் டார்ச்சும் மறு கையில் துப்பாக்கியும் பிடித்தால் குழலை மடிக்க மூன்றாவது கை வேண்டும். தவிர, பழகிய பாதையில் புதுப்பொருள் ஒன்றைக் கண்டால் சில நாட்கள் அணுகாதிருப்பது எலியின் இயல்பு. இரவெல்லாம் வராந்தாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் குடும்பத் தலைவரும் அத்தகைய புதுப்பொருளே.

பழந்தமிழர் இச்சிக்கலை வேறு விதமாகத் தீர்த்தனர். தினைப்புனத்தில் பரண் கட்டி, தழல், தட்டை, குளிர் என்னும் ஒலிக்கருவிகளாலும் கவண்கல்லாலும் மகளிர் கிளி ஓட்டினர் என்பது குறிஞ்சிப்பாட்டு முதலியவற்றால் அறியப்படும். நோக்கம் கொல்வதன்று, ஓட்டுவது. தலைவன் வந்து சேர்ந்தபின் கிளியை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. கவணின் வழித்தோன்றலான உண்டிவில், கொய்யாக் கவட்டையும் சைக்கிள் டியூபும் செருப்புத் தோலும் சேர்ந்தது. துல்லியத்தில் பலூன் கடைத் துப்பாக்கிக்கு அது இளைத்ததன்று. செலவோ ஒரு பழைய டியூப்.

ஆனால் டெல்டா கண்ட உண்மையான எலி ஆயுதம் தஞ்சாவூர் கிட்டி. மூங்கிலை வில்லாக வளைத்து நாண் கட்டிய பொறி இது. இரையைக் கடித்ததும் தடை விலக, வில் நிமிர்ந்து எலியின் கழுத்தை நெரிக்கும். ஏக்கருக்கு 40 கிட்டி வரை வைப்பார்கள். கிட்டி வைப்பதில் தேர்ந்தவர்கள் சாயங்காலம் வரப்பில் எலியின் தடம் பார்த்துப் பொருத்திவிட்டு வீடு திரும்பி, விடிந்ததும் வந்து எலியை எண்ணிக் கூலி வாங்குவார்கள். இயந்திரவியல் நோக்கில் பார்த்தால், சுருள்வில் துப்பாக்கியும் கிட்டியும் ஒரே தத்துவம்: வளைத்து வைத்த வில், ஒரு விசை. வேறுபாடு ஒன்றே. துப்பாக்கியில் விசையை மனிதன் இழுக்க வேண்டும். கிட்டியில் எலியே இழுத்துக்கொள்ளும். யாருக்கு அந்த நேரத்தில் விழிப்பு அதிகம் என்பதை அறிந்தவர்கள் செய்த கருவி அது.

இன்னொரு கருவி கூகை. வயலில் தாங்கி நட்டுவைத்தால் இரவில் வந்து உட்காரும். ஓசையில்லாமல் பறக்கும், இரண்டு காதும் ஏறுக்குமாறான உயரத்தில் இருப்பதால் இருட்டிலும் ஒலியை வைத்தே எலியைப் பிடிக்கும். எலியை முழுதாக விழுங்கி, எலும்பையும் மயிரையும் உருண்டையாக்கிக் கக்கிவிடும். துப்பாக்கி கக்கும் உருண்டை எலிக்குள் போக வேண்டும். கூகை கக்கும் உருண்டைக்குள் எலி ஏற்கெனவே போயிருக்கும். ஆயினும் சாவுக்குருவி என்று பெயரிட்டுக் கூகையைக் கல்லால் அடிப்பவர்கள் உண்டு. அவர்களே மறுநாள் துப்பாக்கி விலை விசாரிக்கிறார்கள்.

மலிவான வழிகளும் உள. தென்னையின் தண்டைச் சுற்றி வழவழப்பான தகடு அடித்தால் எலி ஏறாது. கதவிடுக்கைக் கம்பிவலையால் அடைக்கலாம். அப்பர் பாடிக் கதவு திறந்ததும் சம்பந்தர் பாடி அது அடைபட்டதும் இக்கோயிலில்தான். இருப்பினும் எலி வளைக்கென்று பதிகம் எதுவும் இல்லாமையால் சிமெண்டும் கண்ணாடித் தூளும் தேவைப்படுகின்றன.

இவ்வளவுக்குப் பின்னும் வாங்கியே தீர்வது என்றிருப்பவர் கவனிக்க வேண்டியவை: துளை 4.5 மில்லிமீட்டர், சுருள்வில் வகை, தோளுக்குப் பொருந்தும் எடை, பின்னால் குண்டைத் தாங்க மண்மேடு. அகத்தியம்பள்ளி உப்பளத்தின் மேலாக வரும் காற்று இரும்பை விட்டுவைப்பதில்லை. 1930 ஏப்ரலில் ராஜாஜி உப்பெடுக்க வந்த மண் இது. இங்கே உப்பு, கேட்காதவர் வீட்டுக்கும் வரும். வாரம் ஒருமுறை குழலுக்குள் எண்ணெய்த் துணி விடாவிட்டால் இரண்டு மழைக்காலத்தில் அது துருவேறிவிடும். மாலை நேரத்தில் சுட்டால் முதலில் அடிபடுவது பக்கத்து வீட்டுப் பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டி. எலி சம்பந்தமான வழக்கு அதன்பின் தண்ணீர் சம்பந்தமான வழக்காகிவிடும்.

காப்பிடம். பிள்ளைகள் கைக்கு எட்டாத உயரம் என்பதால் துப்பாக்கியைப் பரணில் வைப்பதே வழக்கம். புனங்காவலுக்குக் கட்டிய பரணும் வீட்டுப் பரணும் சொல்லால் ஒன்று. அங்கே காவல் இருந்தது, இங்கே அண்டாவும் பழைய நாற்காலியும் இருக்கும். துப்பாக்கியுடன் அதன் அட்டைப்பெட்டி, கான்வாஸ் உறை, மரக்கட்டை, தோல் வாசர் ஆகியவையும் இருப்பதால் கொறிப்பதற்கும் கூடுகட்டுவதற்கும் வேண்டிய அனைத்தும் ஓரிடத்தில் அமைந்துவிடுகின்றன. வாசர் போன துப்பாக்கியில் காற்று நிற்காது. பழுது பார்க்க எடுக்கும்போது பெட்டியை மெதுவாகத் திறக்க வேண்டும். உள்ளே குட்டிகள் இருக்கக்கூடும்.