சைக்கிள் தருவோம், சாலை தர மாட்டோம்

தமிழ்நாட்டு அரசைக் கஞ்சன் என்று யாரும் சொல்லிவிட முடியாது. 2001-02ல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கென்று தொடங்கிய இலவச சைக்கிள் திட்டம், 2005-06ல் அரசுப் பள்ளி, உதவிபெறும் பள்ளி மேல்நிலை மாணவர்கள் எல்லோருக்கும் என்று விரிந்தது. ஆட்சிகள் மாறின, சைக்கிள் நிற்கவில்லை. ஆண்டுதோறும் லட்சக்கணக்கில் கொடுக்கிறார்கள். பந்தல், மேடை, வரிசையாக நிறுத்திய வண்டிகள், பிரமுகர் ஒருவர் மணியடித்துப் பார்த்துச் சிரிக்கும் போட்டோ. எல்லாம் சரிதான். பள்ளிக்கூட கேட்டைத் தாண்டியதும் சைக்கிள் வாங்கிய பெண் அதை எங்கே ஓட்டுவாள்? அது வேறு இலாகா. தாலி கட்டி வைத்தாயிற்று, குடித்தனத்துக்கு வீடு பார்ப்பது உங்கள் பாடு.

எங்கள் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் சைக்கிளும் ஒரு தறிச் சாமான்தான். சாயம் போட்ட பட்டைக் கேரியரில் வைத்துக் கொண்டுவருவது அதில்; அறுத்த சேலையைத் துணியில் சுற்றிச் சொசைட்டிக்கோ முதலாளி வீட்டுக்கோ கொண்டுபோவதும் அதில். விடியற்காலையில் தெருவில் பாவு நீட்டியிருப்பார்கள். மூன்று புடவைக்கான இழை தெரு நெடுக இழுத்துக் கட்டியிருக்கும். அறுந்த இழையைத் தேடிப் பிடித்து முடிச்சுப் போட்டுக்கொண்டே இரண்டு பக்கமும் ஆட்கள் நகர்வார்கள். அந்த நேரத்தில் வருகிற சைக்கிள்காரர் இறங்கி, சுவரோரமாக வண்டியை உருட்டிக்கொண்டு போவார். மணிகூட அடிக்க மாட்டார். எந்தச் சாலைப் பாதுகாப்பு வார விழாவிலும் அவர் இதைக் கற்றுக்கொண்டதில்லை. அதே தெருவுக்குள் ஒரு கார் நுழையட்டும், முதலில் வருவது ஹாரன். அவசரமாம்.

அப்படி நெய்த சேலை காந்தி ரோட்டுக் கடைக்குப் போகிறது. அதை வாங்க வருகிறவர்கள் காரில் வருகிறார்கள். முகூர்த்த நாளுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை அங்கே ஒரு முறை சைக்கிளில் போய்ப் பாருங்கள். ரோட்டின் இரண்டு ஓரமும் கார், நடுவே நகரும் கார், பின்னால் பஸ், இண்டு இடுக்கிலெல்லாம் ஷேர் ஆட்டோ. நாள் கணக்கில் குழித்தறியில் உட்கார்ந்து சேலையை நெய்தவர், அதை வாங்க வந்தவருடைய காரின் பக்கக் கண்ணாடியில் ஹேண்டில்பார் இடித்துவிடக் கூடாதே என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓட்டுகிறார். இடித்துவிட்டால் கண்ணாடி விலை அவர் கூலியில் எத்தனை நாள் என்று கணக்குப் பார்க்க வேண்டும். தறியை விட்ட வீடுகளில் பிள்ளைகள் கம்பெனி பஸ் ஏறி இருங்காட்டுக்கோட்டைக்கும் ஒரகடத்துக்கும் போகிறார்கள். அங்கே செய்வது என்ன? கார். அப்பன் ஓட்டுகிற ஓரத்தை அடைக்க மகன் கையாலேயே சாமான் தயாராகிறது. இதற்குப் பெயர் தொழில் வளர்ச்சி.

சட்டதிட்டம் இல்லாமல் போனதா என்றால், அதில் குறையே கிடையாது. சைக்கிள் பாதையை எப்படிப் போடுவது என்று இந்தியச் சாலைக் காங்கிரஸ் 1962லேயே வழிமுறை எழுதி வைத்துவிட்டது. 2006ல் தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கை வந்து, வண்டிகளைவிட மனிதர்களே முக்கியம் என்று கண்டுபிடித்தது. 2014ல் சென்னை மாநகராட்சி, நடப்போருக்கும் சைக்கிளில் போவோருக்கும் தனிக் கொள்கையே வகுத்தது. நடந்தோ சைக்கிளிலோ போகிற ஒருவர்கூட 2018க்குள் விபத்தில் சாகக் கூடாது என்பது அதன் இலக்குகளில் ஒன்று. 2018 வந்தது, போயிற்று. செத்தவர்களுக்குக் கொள்கை தெரியாமல் இருந்திருக்கலாம்.

2020ல் கொரோனா காலத்தில் மத்திய அரசு, சைக்கிளுக்கு எந்த ஊர் வசதி செய்கிறது என்று நகரங்களுக்கிடையே போட்டி ஒன்று வைத்தது. சேரத் தகுதி என்ன தெரியுமா? தலைநகரமாக இருக்க வேண்டும், அல்லது ஸ்மார்ட் சிட்டியாக இருக்க வேண்டும், அதுவும் இல்லையென்றால் ஐந்து லட்சம் பேராவது வேண்டும். காஞ்சிபுரத்தில் இந்த மூன்றில் ஒன்றும் இல்லை. பல்லவர் தலைநகரம் என்ற சர்டிபிகேட் இங்கே செல்லாது.

நாளைக்கே நமக்கும் பாதை போடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். முதலில் பூமி பூஜை. பிறகு ரோட்டோரத்தில் பச்சைப் பெயின்ட், அதன் மேல் வெள்ளையில் ஒரு சைக்கிள் படம். திறப்பு விழாவுக்கு வந்த கார்கள் அந்தப் படத்தின் மேலேயே நிற்கும். மறுநாள் டிரான்ஸ்பார்மர், அதற்கடுத்து இளநீர்க் கடை, மழைக்காலத்தில் தோண்டி மூடாத பள்ளம். பாதையைவிட அகலமான பேனர் மட்டும் கிழியாமல் இருக்கும். ஆறு மாதம் கழித்து அதிகாரி சொல்வார்: "சைக்கிள்ல வர்றதுக்கு ஆளே இல்லையே சார்." வேறு ஊர்களில் போட்டதைப் பாருங்கள். லக்னோவில் ஆட்சியிலிருந்த ஒரு கட்சி தன் சின்னமும் சைக்கிள்தானே என்று போட்ட பாதைகளில் கொஞ்சத்தை, 2017ல் ஆட்சி மாறிய பிறகு பெயர்த்தே எடுத்தார்கள். ஐதராபாத்தில் 2023ல் வெளிவட்டச் சாலையோரம் சுமார் 23 கிலோமீட்டருக்கு, மேலே சோலார் கூரையே போட்டுப் பாதை திறந்தார்கள். ஐ.டி. கம்பெனிகள் இருக்கும் பக்கம். உடம்பு இளைக்க மிதிப்பவருக்குக் கூரை. மிதித்தே இளைத்தவருக்கு வெயில்.

ரோட்டில்தான் இடமில்லை என்கிறார்கள். ஊருக்கு நடுவே மஞ்சள்நீர்க் கால்வாய் ஓடுகிறதே, நத்தப்பேட்டை ஏரி வரைக்கும்! மழைநீருக்கு வெட்டியது, இப்போது ஊர்ச் சாக்கடை. அதன் கரையைச் சீர்செய்தால் லாரியும் பஸ்ஸும் குறுக்கே வராத பாதை ஒன்று கிடைக்கும். ஆனால் கரையைக் காண முதலில் ஆக்கிரமிப்பை அகற்ற வேண்டும், அதற்கு முதுகெலும்பு வேண்டும். முதுகெலும்பு எந்தப் பட்ஜெட் தலைப்பிலும் வருவதில்லை.

சைக்கிள் பாதைக்கு எல்லோரும் உதாரணம் காட்டுகிற நெதர்லாந்தில் மட்டும் அது மண்ணிலிருந்தா முளைத்தது? 1971ல் ஒரே ஆண்டில் 400க்கும் மேற்பட்ட குழந்தைகள் அங்கே வண்டிகளில் அடிபட்டுச் செத்தார்கள். குழந்தைக் கொலையை நிறுத்து என்று பெற்றவர்கள் தெருவை மறித்த பிறகுதான் அரசு திரும்பிப் பார்த்தது. இங்கே குழந்தை செத்தால் நிவாரணத் தொகை அறிவிக்கிறோம். பள்ளிக்கூடம் ஒரு நாள் லீவு விடுகிறது. அடுத்த ஆண்டு அதே வகுப்புக்கு அதே நிறத்தில் புது சைக்கிள் வந்து இறங்குகிறது.

முடியாது என்று மட்டும் காஞ்சிபுரத்தில் யாரும் சொல்லக் கூடாது. 2019ல் அத்திவரதப் பெருமாள் எழுந்தருளிய 48 நாளும் வெளியூர் வண்டிகளை ஊர் எல்லையிலேயே தடுத்தார்கள். தற்காலிக பஸ் நிலையம் போட்டார்கள், உள்ளே மினி பஸ் விட்டார்கள். அமைச்சர் முதல் கான்ஸ்டபிள் வரை ராப்பகலாக நின்றார்கள். அதில் நூற்றில் ஒரு பங்கு போதும், காந்தி ரோட்டில் ஒரு பக்கம் கார் நிற்பதைத் தடுக்க. தடுத்தால் இரண்டு மீட்டர் கிடைக்கும்; ஒரு சைக்கிள் பாதைக்கு அது தாராளம். ஆனால் சைக்கிளில் வருகிறவர் பெருமாளும் இல்லை, வி.ஐ.பி. பாஸ் வைத்திருப்பவரும் இல்லை. அத்திவரதர் அடுத்து எழுந்தருள்வது 2059ல். இப்போதே கோப்பை நகர்த்தினால் அதற்குள் டெண்டராவது முடிந்துவிடும்.