உள்ளானுக்குக் கால் என்ன நிறம்?

பூநாரை என்றால், பார்த்த பறவையையெல்லாம் குறித்துவைக்கும் பட்டியல்காரருக்கு இளக்காரம். கோடியக்கரை உப்பளங்களுக்கு அப்பால் அவை கூட்டங்கூட்டமாக நிற்கும். வேனில் வந்த பிள்ளைகள் கத்தித் தீர்ப்பார்கள். நம்மவர் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். "அதெல்லாம் எப்பவோ ஆச்சு சார்." தாலுகா ஆபீஸில் காலமெல்லாம் குப்பை கொட்டியவர், பட்டியலில் ஏறிய பறவை அவருக்குப் பைசலான ஃபைல்.

தொப்பி முதல் காலுறை வரை பச்சை. பறவைகள் கண்ணில் படாமல் இருக்கவாம். அந்தச் சேற்றுவெளியில் ஒளிய ஒரு செடி கிடையாது. அவர் வருவது அரை மைலுக்கு முன்பே எல்லாப் பறவைக்கும் தெரியும்.

அவர் தேடி வருவது உள்ளான்களை. வடதுருவப் பக்கத்திலிருந்து வரும் இந்தக் குட்டிக் கரைப்பறவைகள், குளிர்காலத்தில் எல்லாம் ஒரே சாம்பல் சட்டையில் வந்து இறங்கும். கொசு உள்ளானுக்குக் கால் கறுப்பு. டெம்மிங்க் உள்ளானுக்கு மஞ்சள் கலந்த பச்சை. புத்தகத்தில் சுலபம்தான். இங்கே அந்தக் கால் சேற்றுக்குள் இருக்கிறது. வெளியே எடுத்தாலும் சேற்று நிறத்தில் இருக்கிறது. ஸ்கோப்பில் ஒரு கண்ணைப் பதித்து, மறு கண்ணை இறுக மூடி, வாயைக் கோணிக்கொண்டு அவர் நிற்பார். கூட வந்த நண்பர் "மஞ்சள்" என்பார். "வெயில் படுதுய்யா, கறுப்புதான்" என்பார் இவர். முடிவு தெரியுமுன் உள்ளான் பறந்துவிடும்.

நிறைவேறாத ஆசை ஒன்று உண்டு: கரண்டிவாய் உள்ளான். ரஷ்யாவின் வடகிழக்கு மூலையில் முட்டையிடும் பறவை. உலகத்திலேயே சில நூறுதான் மிச்சம். 1980களில் கோடியக்கரையில் தென்பட்டதற்குப் பதிவு இருக்கிறது. போதாதா? மூக்கு நுனியில் சேறு அப்பிய கொசு உள்ளான் ஒவ்வொன்றும் அவருடைய ரத்த அழுத்தத்தை ஏற்றிவிட்டு, மூக்கைக் கழுவிக்கொண்டு போய்விடும்.

உப்பளத்து அம்மா ஒருவர் இரக்கப்பட்டுக் கேட்டார்: "என்ன சார் தேடுறீங்க? மானு அந்தப் பக்கம்ல நிக்குது."

"மான் வேண்டாம்மா, கணக்குல வராது."

1967-இல் இந்தச் சரணாலயத்தை அறிவித்ததே வெளிமானுக்காகத்தான். மான் காதில் விழாமல் போயிற்று.

ஆனால் மனிதர் பொய்க் கணக்கு எழுத மாட்டார். கால் நிறம் தெரியவில்லையென்றால், மனசே இல்லாமல் 'ஏதோ உள்ளான்' என்றுதான் இ-பேர்ட் என்ற பறவைப் பதிவுத் தளத்தில் ஏற்றுவார். மாவட்டப் பட்டியலில் தனக்கு மேலே இருக்கும் ஆசாமியும் அப்படித்தானா என்பதில் மட்டும் அவருக்குப் பலத்த சந்தேகம்.

எந்தப் பறவை குறைகிறது, எது பெருகுகிறது என்று 2023-இல் வந்த 'இந்தியப் பறவைகளின் நிலை' அறிக்கை சொன்னது, 30,000-க்கும் மேற்பட்ட ஆர்வலர்கள் இப்படி ஏற்றிய பதிவுகளை வைத்துத்தான். ஆகவே கோடியக்கரையில் இவரைக் கண்டால் ஒரு வணக்கம் போடுங்கள். ஸ்கோப்பில் கண் இருக்கும்போது மட்டும், "சார், அது கொக்குங்களா?" என்று கேட்டுவிடாதீர்கள்.