பேரு அவளுது, சாவி உன்னுது

ஏப்பா ராசா, பொண்டாட்டி பேர்ல 10 லட்சத்துக்கு நெலம் வாங்கிட்டியாமே! ஊரே மெச்சுது. இத்தனை வருசமா வராத பாசம் 2025 ஏப்ரல் 1-க்கு அப்புறம் எப்படிடா பொங்குச்சு? 10 லட்சத்துக்குள்ள உள்ள சொத்தைப் பொம்பளை பேர்ல பதிஞ்சா பதிவுக் கட்டணத்துல 100-க்கு 1 ரூவா கொறைச்சாகளே, அதுலயா? 10,000 மிச்சம். அதுல அவளுக்கு ஒரு சேலை எடுத்தியா?

சார்பதிவாளர் ஆபீசுல போட்டோ எடுத்தாக, கைரேகை வச்சா, பத்திரம் வந்துச்சு. இப்ப எங்க இருக்கு? உன் இரும்புப் பெட்டியில. சாவி? உன் அரணாக்கயித்துல. நல்லதுதான், விட்றாத!

ஆட்டையும் அப்படித்தானே வச்சிருக்கே. அவ பொறந்த வீட்டுச் சீரா வந்த குட்டிக. குழை ஒடிக்கிறது அவ, புழுக்கை அள்றது அவ, குட்டி ஈனுற ராத்திரி முழிச்சிருக்கிறதும் அவ. யாவாரி வந்தா மட்டும் "உள்ள போயி காப்பித்தண்ணி போடு"ன்னு வெரட்டிட்டு, துண்டுக்குள்ள கையவிட்டு வெரலைப் பிடிச்சு நீ வெலை பேசுறே. எந்த வெரலுக்கு எம்புட்டுன்னு வளத்தவளுக்குத் தெரியாது. ஆட்டுக்கு வேணா தெரிஞ்சிருக்கும்.

மகளிர் உரிமைத் தொகை மாசம் 1,000 ரூவா அவ கணக்குல ஏறுது. மெசேஜ் வர்றது உன் போன்ல, கார்டு கெடக்குறது உன் சட்டைப் பையில. பணம் வந்துருச்சுன்னு அவளுக்கு உன் வாயி வாடையில இருந்துதான் தெரியுதாம்.

உன் தங்கச்சி கதை இன்னும் அழகு. பூர்வீகச் சொத்துல கட்டிக்குடுக்காத மகளுக்குப் பங்குன்னு தமிழ்நாட்டுல 1989-ல சட்டம் வந்துச்சு. 2005-ல கட்டிக்குடுத்தவளுக்கும் சேத்து நாடு பூரா ஆச்சு. அந்தச் சட்டம் வந்தப்ப அப்பன் உசுரோட இல்லாட்டியும் மகளுக்குப் பங்குண்டுன்னு 2020-ல உச்ச நீதிமன்றமே சொல்லிருச்சு. நீ என்னா பண்ணுனே? பொங்கச் சீர் வாங்க வந்தவளுக்குக் கோழியடிச்சுப் போட்டு, விடுதலைப் பத்திரத்துல கையெழுத்து வாங்கிட்டே. கிணத்துப் பாசனம் அரை ஏக்கருக்கு ஒரு பூனம் சேலை! அண்ணன் வீட்டு வாசல் அடைஞ்சிருமோன்னு பயந்து அவளும் போட்டுட்டா.

உங்க தாத்தா செத்தப்ப "கெழவிக்கு எதுக்குப் பட்டா, மகன் பேருக்கு மாத்து"ன்னு எனக்கும் சொன்னாக. காது கேக்காத மாதிரியே இருந்துட்டேன். அந்த ஒண்ணரை ஏக்கர் என் பேர்ல இருக்கப்போய்தான், கறி எடுத்தா ஈரல் மொதல்ல என் தட்டுக்கு வருது. நீயும் "அப்பத்தா, அப்பத்தா"ன்னு சுத்துறே.

ஏத்தா, முந்தானைக்குள்ள சிரிச்சது போதும். நாளைக்கே பத்திரத்தைக் கேட்டு வாங்கு. பேங்குல உன் போன் நம்பரைக் குடு. யாவாரி வந்தா காப்பிய இவன் போடட்டும். மொறைச்சான்னா எங்கிட்ட அனுப்பு. நான் இன்னும் உயில் எழுதல.