கருவின் நுரையீரலும் முகூர்த்த நேரமும்

ஏழாம் மாதத்துப் பிள்ளை பிழைக்கும், எட்டாம் மாதத்துப் பிள்ளை தங்காது என்று நம் வீடுகளில் சொல்வதுண்டு. ஹிப்போகிரட்டஸ் பெயரால் வழங்கும் கிரேக்க மருத்துவ நூல்களிலும் இதே கருத்து இருக்கிறது. ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேல் நிலைத்த இந்தக் கணிப்பு முழுத் தவறு. வயிற்றில் கழியும் ஒவ்வொரு வாரமும் கருவின் நுரையீரலுக்கு ஆதாயம்தான். எட்டாம் மாதத்துப் பிள்ளைக்கே பிழைக்கும் வாய்ப்பு அதிகம்.

நுரையீரலின் காற்றுச் சிற்றறைகள் மூச்சு வெளியேறும்போது, நனைந்த பிளாஸ்டிக் பையின் பக்கங்களைப் போல ஒட்டிக்கொள்ளப் பார்க்கும். ஒட்டவிடாமல் காப்பது சர்ஃபாக்டன்ட் என்ற கொழுப்புப் படலம். கரு அதைச் சுமார் 24ஆம் வாரத்தில் சுரக்கத் தொடங்குகிறது. 35ஆம் வாரத்தை ஒட்டித்தான் போதிய அளவு சேர்கிறது. குறைமாதக் குழந்தைகள் மூச்சுத் திணறி இறப்பது இந்தப் படலம் இல்லாததால் என்று 1959இல் மேரி எலன் ஏவரியும் ஜெர் மீடும் காட்டினார்கள். காரணம் தெரிந்தும் மருந்து இல்லாத காலம் அது. 1963 ஆகஸ்டில் அமெரிக்க அதிபர் கென்னடியின் மகன் பேட்ரிக், ஐந்தரை வாரம் முன்னதாகப் பிறந்து, இரண்டு நாள்கூட முடியாமல் இதே நோயில் இறந்தான்.

நுரையீரல் முதிர்ந்துவிட்டதா என்பதைப் பிறக்கும் முன்பே அறிய 1971இல் லூயிஸ் க்ளக் ஒரு வழி சொன்னார். ஊசி குத்திப் பனிக்குடநீரை எடுத்து, அதிலுள்ள இரு கொழுப்புகளின் விகிதத்தைப் பார்ப்பது. ஊசி இல்லாமல் ஸ்கேன் படத்திலேயே பார்க்க முடியுமா என்பது அடுத்த கேள்வி. முதிர முதிர நுரையீரல் திசு ஒலி அலையைத் திருப்பி அனுப்பும் விதம் மாறும். படத்தின் சாம்பல் நிற நுணுக்கமும் மாறும். கண்ணுக்குப் பிடிபடாத அந்த மாற்றத்தைக் கணினியால் படிக்கும் முறையை பார்சிலோனா ஆய்வாளர்கள் உருவாக்கினார்கள். பல நாட்டு மருத்துவமனைகளில் நடந்த சோதனை 2017இல் வெளியானது. ‘மூச்சுக்கு ஆபத்தில்லை’ என்று அது சொன்ன நூற்றில் சுமார் 95 குழந்தைகள் நலமாக இருந்தார்கள். ‘ஆபத்து’ என்று சொன்னவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கே திணறல் வந்தது.

இது நல்ல கருவி. குறைப்பிரசவம் நெருங்கும் தாயை, பச்சிளம் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு உள்ள ஊருக்கு முன்கூட்டியே அனுப்ப இது உதவும். தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போட்டால் கருவின் நுரையீரல் விரைந்து முதிரும் என்று 1972இல் நியூசிலாந்தின் லிகின்ஸும் ஹௌவியும் நிறுவினார்கள். அந்த ஊசி யாருக்கு அவசரம் என்று தீர்மானிக்கவும் இது துணையாகலாம்.

ஆனால், ‘நுரையீரல் ரெடி, தேதி குறிக்கலாம்’ என்று சொல்வதற்கான சீட்டு அல்ல இது. தமிழ்நாட்டில் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இங்கே 44.9 சதவீதப் பிரசவங்கள் சிசேரியன். அவற்றில் பலவற்றுக்கு மருத்துவக் காரணம் இருக்கலாம். ஆனால், நட்சத்திரமும் லக்னமும் பார்த்து 37ஆம் வாரத்திலேயே கத்தி வைப்பதும் நடக்கிறது. கேட்கும் குடும்பத்தைவிட, சரி என்று தலையாட்டும் மருத்துவரே அதிகம் குற்றவாளி. கருவின் நுரையீரல் நீரால் நிறைந்திருக்கும்; பிரசவ வலியின்போது ஊறும் ஹார்மோன்கள்தான் அந்த நீரை உறிஞ்சத் தூண்டுகின்றன. வலியே காணாமல் முன்கூட்டி எடுக்கப்பட்ட குழந்தை நீர் கோத்த நுரையீரலோடு மூச்சிரைக்க நேரலாம். நுரையீரல் முதிர்ந்ததாகச் சோதனையில் தெரிந்தபின் 39 வாரத்துக்கு முன் பிறந்த குழந்தைகளுக்கும் சர்க்கரைக் குறைவு, மஞ்சள் காமாலை போன்ற தொல்லைகள் கூடுதல் என்று 2010இல் ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. நுரையீரல் முதிர்ந்தால் பிள்ளை முழுக்க முதிர்ந்ததாக ஆகாது. பிரசவ நேரத்தை முடிவுசெய்யப் பனிக்குடநீர்ச் சோதனையைப் பயன்படுத்த வேண்டாம் என்று அமெரிக்க மகப்பேறு மருத்துவர் கல்லூரி 2019இல் அறிவித்துவிட்டது. அதே வேலைக்கு ஸ்கேன் படத்தை இழுத்துவரக் கூடாது.

மருத்துவக் காரணம் இல்லையென்றால் 39 வாரம் நிறையும் முன் நாள் குறிக்காதீர்கள். ஜோதிடரிடம் போயே தீருவோம் என்பவர்கள், அதற்குப் பிந்திய நாட்களை மட்டும் அவரிடம் கேளுங்கள்.