கழுகுக்கு மட்டும் பாட்டில்லை

ஜடாயுவுக்கு ராமன் ஈமக்கடன் செய்த இடம் என்று திருப்புட்குழித் தலபுராணம் சொல்கிறது. உள்ளே விஜயராகவப் பெருமாள், வெளியே ஜடாயு தீர்த்தம். பறவைக்குக் காரியம் செய்த ஊரில் பிறந்த எங்களுக்குப் பறவைப் பாட்டுக்கா பஞ்சம்?

1970களில் பள்ளியில் கிடைத்த பாட்டுப் புத்தகங்களின் படங்கள் எல்லாம் ஒரே கறுப்பு மை. காக்கைக்கும் குயிலுக்கும் வித்தியாசம் அச்சுக் கோத்தவருக்கே தெரிந்திருக்காது. “வாலு நீளமா இருந்தா குயிலுடா” என்று வாத்தியார் தீர்ப்புச் சொல்வார். 1915-இல் பாரதி பாப்பாவுக்குக் குருவி, கோழி, காக்கையைக் காட்டினார். பிறகு கவிமணி, அப்புறம் இந்தியன் வங்கியில் வேலை பார்த்துக்கொண்டே குழந்தைகளுக்கு எழுதிய அழ. வள்ளியப்பா. நான் புரட்டிய பக்கங்களில் மட்டும் கழுகு வரவேயில்லை. கேட்டேன். “பொணம் திங்கிற பட்சிக்கு எவன்டா பாட்டு எழுதுவான்?” என்றார் வாத்தியார். பெருமாள் அதை மடியில் கிடத்திக்கொண்டது பாடத்திட்டத்துக்கு வெளியே.

அப்பாவின் தறியிலும் அதே கதை. ஜரிகையில் மயில் வரும், அன்னம் வரும், கிளி வரும். யாருமே பார்த்திராத இருதலைப்பட்சிக்குக்கூடக் கரையில் இடம் உண்டு. ஏரிக்கரையில் செத்த மாட்டின் மேல் இறங்கும் கழுகுக்குக் கிடையாது. முகூர்த்தப் புடவையில் வழுக்கைத் தலைக் கழுகைப் பார்த்தால் பெண் வீட்டார் என்ன சொல்வார்கள் என்பதையும் யோசிக்க வேண்டுமே!

இன்று பேத்தியின் கையில் செல்போன். படத்துக்கு வண்ணம் வந்துவிட்டது. அதுவே ஆடுகிறது, அதுவே பாடுகிறது. வாலை அளக்க வாத்தியார் வேண்டாம். சித்திரை வெயிலில், மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்து, பென்குயினோடு சேர்ந்து பனியில் சறுக்குகிறாள். கழுகு அதிலும் இல்லை. எங்களுக்குப் புத்தகத்தில் இல்லாவிட்டாலும் வானத்திலாவது இருந்தது.

இப்போது வானத்திலும் அது இல்லாமல் போனதற்கு மாட்டின் வலிக்குப் போட்ட டைக்ளோஃபினாக் ஊசிதான் காரணம். மருந்து தங்கிய மாடு செத்தால், அதைத் தின்ற கழுகின் சிறுநீரகம் கெட்டு அதுவும் சாகும். இந்தியாவில் மிகச் சாதாரணமாக இருந்த வெண்முதுகுக் கழுகில் நூற்றுக்கு ஒன்றுகூட மிஞ்சவில்லை. 2006-இல் கால்நடைகளுக்கு அந்த மருந்தைத் தடை செய்தார்கள். தமிழ்நாட்டில் கழுகுகள் கூட்டமாக இருப்பது இப்போது நீலகிரிப் பக்கம், மாயாற்றுப் பள்ளத்தாக்கில்.

குழந்தைப் பாட்டு எழுதுகிறவர்கள் யாராவது கழுகுக்கும் நாலு வரி எழுதுங்கள். படம் போடுகிறவர் அந்த வழுக்கைத் தலைக்கு முடி வைக்காமல் போட்டால் சரி.