நூற்றெட்டியல்

பாயிரம்

மாணாக்க! நிமிர்ந்து உட்கார். கைவிரல்களை மடக்காமல் வை, பின்னர்த் தேவைப்படும். இன்று நாம் ஆயப்புகுவது நூற்றெட்டு என்னும் எண். நூற்றேழும் அன்று, நூற்றொன்பதும் அன்று. பிள்ளையாருக்கு நூற்றேழு தேங்காய் நேர்ந்துகொண்டவரையோ, அனுமனுக்கு நூற்றொன்பது வடை கோத்தவரையோ யாம் இதுகாறும் கண்டிலேம். நடுவில் நிற்கும் இவ்வொன்றுக்கே மாலையும் மணியும் சுற்றும் ஊர்தியும் வாய்த்தன. ஆதலின் இதனைத் தொகுத்தும் வகுத்தும் விரித்தும் உரைத்தல் எம் கடன். எண்ணிக்கை தவறாமல் கேட்டல் நின் கடன்.

இந்நூல் ஐந்து இயல் உடைத்து: பெயரியல், கணக்கியல், பொருளியல், எண்ணுநரியல், புறனடை.

1. பெயரியல்

நூறும் எட்டும் புணர்ந்தது நூற்றெட்டு. இதன் பெயர் மூவகைப்படும்.

(அ) ஏட்டுப்பெயர்: நூற்றெட்டு. இதுவே முறையானது. நூறு என்பதன் றகரம் இரட்டித்து நூற்று ஆகி, ஈற்று உகரம் நீங்க, எட்டு வந்து அமரும்.

(ஆ) மேடைப்பெயர்: நூற்றியெட்டு. இதில் நடுவே ஓர் இகரம் உளது. நூற்றுக்கும் எட்டுக்கும் இடையே அதற்கு ஒரு வேலையும் இல்லை. ஆயினும் அழையாமல் வந்து இலைமுன் உட்கார்ந்துவிட்டவனை எழுப்புதல் அரிது.

(இ) தெருப்பெயர்: நூத்தியெட்டு. உயிருக்கு ஊறு நேர்ந்த பொழுதில் அழைப்பது இப்பெயரையே. கட்டணமில்லா மருத்துவ ஊர்திக்கு 2005இல் ஆந்திரத்திலும் 2008இல் தமிழ்நாட்டிலும் 108 என்னும் அழைப்பெண் வாய்த்தபின், "நூத்தியெட்டு வந்துடுச்சா?" என்று கேட்டல் வழக்காயிற்று. எண் ஊர்திக்கு ஆகிவந்தமையின் இஃது எண்ணலளவை ஆகுபெயர். குறித்துக்கொள்.

இனி வடிவம். தமிழ் எண் எழுத்தில் இது ௱௮. நூற்றுக்கு ஒரு குறி, எட்டுக்கு ஒரு குறி, சுழியம் இல்லை. ஒன்றையும் சுழியையும் எட்டையும் கூட்டி, "ஒன்பது வருகிறது, பார்த்தாயா?" என்று வியப்போர் உளர். அவர் எழுத்து மாறியபின் பிறந்தோர். ௱௮ என்பதில் கூட்டுதற்கு எட்டைத் தவிர ஏதுமில்லை.

2. கணக்கியல்

நூற்றெட்டின் கணக்கியல்பு ஆறு.

முதலாவது, பகிர்மை. இவ்வெண் 1, 2, 3, 4, 6, 9, 12, 18, 27, 36, 54, 108 ஆகிய 12 எண்களால் எச்சமின்றி வகுபடும். நூற்றெட்டு வடையை நடுவில் வைத்தால் இருவர், மூவர், நால்வர், அறுவர், ஒன்பதின்மர் என எவர் வரினும் பூசல் இல்லை. ஐவர் வந்தால் மூன்று வடை எஞ்சும். எழுவர் வந்தாலும் அதே மூன்று எஞ்சும். ஐவரும் எழுவரும் ஒருங்கே வரின் தலைக்கு ஒன்பது, எச்சம் இல்லை. ஆதலின் விருந்தினரைத் தனித்தனியே அழைத்தல் கணக்கியலுக்குப் பொருந்தாது.

இரண்டாவது, மிகைமை. தன்னை நீக்கித் தன் வகுஎண்களை எல்லாம் கூட்டினால் 172 வரும். அஃதாவது நூற்றெட்டைக் கூறு கட்டி வைத்தால் முழுதாக இருந்ததைவிட 64 மிகும். காய்கறிச் சந்தையில் இவ்வியல்பு நெடுங்காலமாக அறியப்பட்டது.

மூன்றாவது, படியேற்றம். ஒன்றை ஒருமுறையும் இரண்டை இருமுறையும் மூன்றை மும்முறையும் எழுதிப் பெருக்கு: 1 × 2 × 2 × 3 × 3 × 3. விடை 108.

நான்காவது, குதிகாலியல்பு. ஓர் எண்ணை வகுக்கும் பகா எண் ஒவ்வொன்றும் அதைக் குறைந்தது இருமுறை வகுப்பின் அது வலிய எண். வலியதாயினும் தான் எந்த எண்ணின் இருபடியும் முப்படியும் வேறெப்படியும் ஆகாதாயின், கிரேக்க மறவன் அகில்லீசின் பெயரால் அதை அழைப்பர். உடம்பெல்லாம் வலிமை, குதிகாலில் மட்டும் குறை என்றவாறு. இவ்வகையில் முதல் எண் 72, இரண்டாவது 108.

ஐந்தாவது, மூலைமை. ஐந்து பக்கமும் ஐந்து மூலையும் ஒத்த வடிவில் உள்மூலை ஒவ்வொன்றும் 108 பாகை.

ஆறாவது, எட்டுவாலியல்பு. நூறு மட்டுமன்றி ஆயிரமும் நூறாயிரமும் எட்டு என்னும் வாலைப் பெறும். இவ்வாலெண்களைத் தாய் எண்ணால் வகுத்துப் பார்த்தோர் குறைவு. யாம் பார்த்தேம். 1008ஐ 108ஆல் வகுத்தால் ஒன்பது மாலை போக 36 எஞ்சும். ஆகவே அது பெயரளவில் உறவு. நாமக்கல் அனுமனுக்கு அவர் பிறந்தநாளில் சாத்தும் 1,00,008 வடையோ சரியாக 926 நூற்றெட்டுகள்; ஒரு வடை எஞ்சாது, ஒரு வடை குறையாது. இஃது இரத்த உறவு.

3. பொருளியல்

நூற்றெட்டு எதைக் குறிக்கும் என்பார்க்கு விடை ஆறுவகைப்படும்.

(அ) பெருக்குப்பொருள். நாண்மீன் 27, ஒவ்வொன்றுக்கும் கால் நான்கு, ஆக 108. ஓரை 12, கோள் 9, அவற்றைப் பெருக்கினும் 108. இரண்டில் எது முந்தியது என்று கேளாதே. இரண்டுக்கும் விடை ஒன்றாயிருப்பதே இரண்டையும் சொல்வோரின் வலிமை.

(ஆ) கூட்டுப்பொருள். சமணர் ஐவகைப் பெரியோர்க்கு வகுத்த பண்புகள் 12, 8, 36, 25, 27, கூட்டினால் 108. சீனரின் பழங்கதை ஒன்றில் ஏரிக்கரையில் கூடிய மறவர் 36உம் 72உம், கூட்டினால் அதுவே. வைணவத் திருப்பதிகள் சோழநாட்டில் 40, பாண்டிநாட்டில் 18, மலைநாட்டில் 13, நடுநாட்டில் 2, தொண்டைநாட்டில் 22, வடநாட்டில் 11, விண்ணில் 2. இவற்றுள் 106ஐ மட்டுமே இவ்வுடலோடு சென்று காணலாகும். அத்தனையும் கண்டு திரும்பிய முதியவர் "இன்னும் ரெண்டுதான் பாக்கி" என்னும்பொழுது அவர் முகம் மலரும். வீட்டார் முகம் வாடும்.

(இ) குறைப்பொருள். ஆடல்நிலைகள் நூற்றெட்டு, வடநூலார் கரணம் என்பர். தில்லைக் கோபுரங்களில் இவை செதுக்கப்பட்டுள்ளன. தஞ்சைப் பெரிய கோயிலில், கருவறையைச் சூழ்ந்த மேல்தள நடைவழியில், 81 நிலை மட்டுமே முற்றுப்பெற்றன. எஞ்சிய 27 கல்லும் உளி படாமல் நிற்கின்றன. பார்ப்போர் வருந்துவர். நீ வருந்தாதே. 108இல் முக்கால் 81, கால் 27. நிறுத்தியவன் எவனாயினும் ஒரு பின்னமும் சிதறாத இடத்தில் நிறுத்தினான். இதனை 'முக்கால் நூற்றெட்டு' என வழங்குதும்.

(ஈ) ஒலிப்பொருள். சப்பான் நாட்டுப் புத்தக் கோயில்களில் ஆண்டின் கடைசி இரவில் பெருமணியை 108 முறை அடிப்பர். மாந்தரின் அவா அத்தனை என்பது கருத்து. பல கோயில்களில் 107 அடி பழைய ஆண்டிலும் ஒன்று புத்தாண்டிலும் விழும். அந்த ஓர் அவாவை மட்டும் ஏன் அடுத்த ஆண்டுக்குக் கொண்டுசெல்கின்றனர் என்பது இவ்வியலுக்குப் புறம்பு.

(உ) இழுப்புப்பொருள். ஞாயிறு நம்மிலிருந்து தன் குறுக்களவைப் போல் 107 மடங்கினும் சற்று மிகுந்த தொலைவில் உள்ளது. நிலா 110 மடங்கினும் சற்று மிகுந்த தொலைவில் உள்ளது. இரண்டையும் இழுத்து 108இல் கட்டுவோரை 'இழுப்பர்' என்க. ஞாயிற்றைச் சிறிது இழுத்தால் போதும். நிலாவைக் கூடுதலாக இழுத்தல் வேண்டும்.

(ஊ) வழக்குப்பொருள். "நூத்தியெட்டு வாட்டி சொல்லியாச்சு" என்பதில் உள்ள நூற்றெட்டின் மெய்யளவு ஒன்று முதல் மூன்று. "வீட்ல நூத்தியெட்டு வேலை கிடக்கு" என்பதில் ஏறத்தாழ நான்கு. "ஆயிரத்தெட்டுத் தொல்லை" என்பதில் எப்போதும் ஒன்றே; ஆனால் அது தீராதது. எனவே நூற்றெட்டு செய்து முடிக்கத்தக்கதன் மிகுதி. ஆயிரத்தெட்டு செய்தும் முடியாததன் ஒருமை.

4. எண்ணுநரியல்

நூற்றெட்டை எண்ணுவோர் மூவகையர்: பொருளால் எண்ணுநர், உடலால் எண்ணுநர், எழுத்தால் எண்ணுநர்.

பொருளால் எண்ணுநர் மூவர். மணியர் 108 மணி கொண்ட மாலையை உருட்டுவோர். அம்மாலையில் தலைமணி ஒன்று மேலதிகமாக உண்டு. அதைத் தாண்டலாகாது, வந்தவழி திரும்புதல் வேண்டும். பொறியர் விரலில் மாட்டும் எண்ணுபொறியை அழுத்துவோர். பொறி எண்ணுவது வழிபாட்டை அன்று, அழுத்தத்தையே. நெரிசலான பேருந்தில் சட்டைப்பையில் கிடந்தபடி பதினாறு வரை எண்ணிய பொறியொன்றை யாம் அறிவோம். மூன்றாமவர் கொட்டையர், இவரைப் பின்னர் விரிப்போம்.

உடலால் எண்ணுநர் இருவர். கணுவர் நான்கு விரலின் பன்னிரண்டு கணுவைப் பெருவிரலால் தொட்டு, அதை ஒன்பது முறை செய்வர். இப்பொழுது நின் விரல்களைப் பயன்படுத்து. எந்தக் கணுவில் இருக்கிறோம் என்பது கணுவர்க்கு எப்போதும் தெரியும். எத்தனையாவது சுற்று என்பது ஒருபோதும் தெரியாது. நெஞ்சர் உள்ளத்திலேயே எண்ணுவோர். இவர்க்குப் பகை இடைபுகு எண். முப்பத்தொன்றாம் சுற்றில் எதிர்ப்பட்டவர் "எத்தனை மணிக்கு வண்டி?" என்று கேட்க, "ஏழரை" என்று விடைசொன்ன நெஞ்சர் அடுத்த சுற்றை எட்டு எனத் தொடங்குவர். இதனால் இவரது சுற்று குறைவதில்லை, கூடுகிறது. ஆதலின் நூலோர் இதைக் குற்றமாகக் கொள்ளார்.

எழுத்தால் எண்ணுநர் தேர்வுக்காலத்தில் மிகுவர். 'ஸ்ரீராமஜெயம்' என நூற்றெட்டு முறை எழுதி மாலையாக்கி அனுமனுக்குச் சாத்துவோர் இவர். (வடவெழுத்தைப் பொறுத்துக்கொள், எழுதுவோர் எழுதியவாறே யாமும் எழுதினேம்.) இவருள் முழுத்தொடரை ஒருமுறை முடித்து மறுமுறை தொடங்குவோர் கிடையெழுத்தர். தாளின் மேலிருந்து கீழாக முதலில் 'ஸ்ரீ' மட்டும் நூற்றெட்டு, பின் 'ரா' மட்டும் நூற்றெட்டு என இறங்குவோர் நெடுக்கெழுத்தர். இரண்டாம் நிரல் முடிந்ததும் நெடுக்கெழுத்தரைத் தாய் உணவுக்கு அழைத்தால் ஐயம் எழும். அவர் இதுவரை எழுதியது எத்தனை? தொடர் முற்றாமையின் சுழியம் என்பர் ஒருசாரார். ஆறெழுத்தில் இரண்டு முடிந்தமையின் மூன்றில் ஒரு பங்கு, அஃதாவது 36 என்பது எம் துணிபு. பள்ளியில் பிழைக்கு ஈடாக எழுதுவதோ வெறும் நூறு. அங்கே எட்டு இல்லை. இவ்வேறுபாட்டை நினைவில் நிறுத்து. புறனடைக்கு இதுவே வாயில்.

இனிக் கொட்டையர். திங்கட்கிழமையும் மறைமதியும் கூடும் நாளில் அரசமரத்தை நூற்றெட்டு முறை சுற்றுதல் வழக்கு. எம் தெருமுனை மரத்தடியில் யாம் கண்டது இது. ஒரு பாட்டி கொட்டாங்குச்சியில் 108 புளியங்கொட்டை எண்ணி எடுத்துவந்தார். சுற்றுக்கு ஒன்றாக மேடைமேல் வைத்தார். மேடையோரம் ஆறு அகவைப் பேரன். கொட்டாங்குச்சி காலியானதும் பேரன் கைப்பிடியைத் திறந்தான். உள்ளே ஐந்து கொட்டை.

"எங்கடா எடுத்த?"

"இங்கதான்."

மாணாக்க, ஊன்றிக் கேள். கொட்டாங்குச்சியிலிருந்து எடுத்திருப்பின் சுற்று 103. மேடையிலிருந்து எடுத்திருப்பின் 108. 'இங்கதான்' என்னும் சொல் இரண்டையும் தழுவும். பேரன் காட்டிய விரலும் இரண்டுக்கும் நடுவில் நின்றது.

மரத்தடியில் பூக்கட்டிக்கொண்டிருந்த அம்மா நிமிராமலேயே சொன்னார்: "எப்படிப் பாத்தாலும் நூறு தாண்டிடுச்சு பாட்டிம்மா. மேல இருக்கிற எட்டு இதுக்குத்தானே."

5. புறனடை

மேற்கண்ட கூற்றை யாம் நூற்பாவாக்கினேம். மனப்பாடம் செய்.

நூறு கடனே எட்டுக் கொசுறே
கடனிற் குறைந்தது கொசுறு நிரப்பும்
கொசுறுங் குறையின் மீள எண்ணுக
என்ப மரத்தடிப் பூவிற் போரே.

உரை: கடவுளுக்கு நேர்ந்தது நூறு. பேரன், பேருந்து, தெரிந்தவர், தாயின் அழைப்பு முதலியவற்றால் இழப்பு நேரும் என முன்னுணர்ந்து முன்னோர் எட்டைக் கூட்டினர். முழம்போட்டு அளந்தபின் இரண்டு கண்ணி கூட்டித் தரும் பூக்காரரே இதை முதலில் உணர்ந்தார் என்பதில் வியப்பில்லை. 108இல் எட்டு என்பது 27இல் இரண்டு. ஆகவே பதின்மூன்றரைச் சுற்றுக்கு ஒரு பிழை என்னும் அளவுவரை பொறுக்கப்படும்; அரைச் சுற்றில் பிழை செய்வோர் அதைக் காலையில் செய்து மாலையில் நிரப்புக. பள்ளியில் கொசுறு இன்மையின் அங்கு ஒன்று குறையினும் பொறுத்தல் இல்லை.

இனிப் பயிற்சி.

1. நூற்றெட்டு வடையைப் பதினொருவர்க்குப் பகிர்ந்து, எஞ்சியதைச் சமைத்தவர் கணக்கில் எழுதுக.

2. நின் வீட்டார் ஒருநாளில் சொல்லும் 'நூத்தியெட்டு' ஒவ்வொன்றின் மெய்யளவையும் குறித்து வருக.

3. பூக்காரர் சொன்னதைப் பாட்டி முழுதும் கேட்டார், தலையசைத்தார். பின்னர்ப் பேரன் கையிலிருந்த ஐந்து கொட்டையையும் வாங்கிக்கொண்டு மேலும் ஐந்து சுற்றுச் சுற்றினார். ஆக மொத்தம் 108 அல்லது 113. 113 ஒரு பகா எண். நாண்மீனுக்கும் ஓரைக்கும் வகுபடாது. அதற்கென மாலையோ ஊர்தியோ இல்லை. அதனை எவ்வியலில் எவ்வகையில் அடக்குவது என ஆய்ந்து, அடுத்த மறைமதித் திங்களுக்குள் நூற்றெட்டு வரிக்கு மிகாமல் எழுதி வருக. வரிகளை யாம் எண்ணுவோம்.