தராசுக்காரர்

குச்சனூரில் சனிக்கிழமை தவிர மற்ற நாட்களில் அவசரப்படுகிறவர்களைக் காண்பது அரிது. சனிக்கிழமைகளில், அதிலும் ஆடி மாதத்துச் சனிக்கிழமைகளில், எந்தெந்த ஊரிலிருந்தோ ஏழரையையும் அஷ்டமத்தையும் சுமந்துகொண்டு வருகிற ஜனங்கள், சுரபி நதியில் முழுகி எழுந்து, எள் தீபம் ஏற்றி, சுயம்புவாக எழுந்தருளியிருக்கும் சனீசுவர பகவானிடம் ‘சீக்கிரம் விட்டுவிடும்’ என்று முறையிட்டுவிட்டு, மாலைப் பேருந்துக்கு ஓடுவார்கள். சீக்கிரம் என்ற சொல்லை அவர் சந்நிதியில் போய்ச் சொல்வதில் உள்ள விநோதம் அவர்களுக்குத் தோன்றுவதில்லை. சனைச்சரன் என்ற பெயருக்கே மெள்ள நடப்பவன் என்றுதான் பொருள். ஒரு ராசியைக் கடக்க அவருக்கு இரண்டரை ஆண்டு, பன்னிரண்டையும் சுற்றி வர ஏறக்குறைய 30 ஆண்டு. அப்படிப்பட்ட தெய்வத்தின் நிழலில் பிறந்து வளர்ந்த ஒருவர் ஒரு விளையாட்டுச் சாமான் வாங்குவதற்கு இருபது ஆண்டு எடுத்துக்கொண்டால், அதைத் தாமதம் என்று மதுரைக்காரர்கள் சொல்லலாம். எங்கள் ஊர்க்காரர்கள் சொல்வது நியாயமாகாது.

சோதிட சாஸ்திரப்படி சனி உச்சம் பெறுவது துலாத்தில். துலாம் என்றால் தராசு. ஆகவே நான் வர்ணிக்கப் புகுந்த பெருந்தகையைத் தராசுக்காரர் என்றே அழைக்கிறேன். இத்தகையவர் ஊருக்கு ஒருவராவது உண்டாகையால் தனிப்பெயர் வேண்டியதில்லை. அவர் சின்னமனூரில் ஓர் உரக்கடையில் கணக்குப் பார்க்கிறார். முல்லையாற்றுத் தண்ணீர் பாயும் வயல்களில் பாதிக்கு அவர் வாக்கே வேதம். ‘நாத்து மஞ்சளாப் போச்சுங்க’ என்று ஒரு சம்சாரி வந்து நின்றால், அவன் வாய் மூடுவதற்குள் இன்ன உரம், ஏக்கருக்கு இத்தனை மூட்டை, இன்ன கிழமை போடு என்று சொல்லி ரசீதையும் கிழித்துக் கொடுத்துவிடுவார். பிறர் வயலின் விஷயத்தில் அவரிடம் தராசே கிடையாது. தம் விஷயம் என்று வரும்போதுதான் அது எங்கிருந்தோ இறங்கி வந்து அவர் கண்ணெதிரே தொங்கும்.

அவருடைய பிரச்சினை இதுதான். அடிதடி, துப்பாக்கி, துரத்தல் என்று விறுவிறுப்பாகப் போகும் வீடியோ கேம் ஒன்றை அவர் ஆடவேண்டும். அந்த ஆட்டம் இரண்டு வடிவங்களில் கிடைக்கிறது: கையில் வைத்து ஆடுவது ஒன்று, டிவியில் மாட்டி ஆடுவது ஒன்று. எதை வாங்குவது?

இந்த வித்து விழுந்தது தொண்ணூறுகளில். அப்போது மதுரைக் கடைகளில் விற்ற டிவி கேம் பெட்டி ஒன்று அவர் சித்தப்பா வீட்டுக்கு வந்தது. அதில் கான்ட்ரா என்ற ஆட்டத்தை அண்ணனும் தம்பியுமாக, கேசட்டை உருவி ஊதி மறுபடி சொருகி, கோடை விடுமுறை முழுவதும் சுட்டுத் தள்ளியிருக்கிறார்கள். அந்த ஆட்டம் நின்டெண்டோவின் வீட்டுப் பெட்டிக்கு 1988-இல் வந்தது என்றும், 1991-இல் அதே நிறுவனத்தின் கேம் பாய் என்னும் கைக்கருவிக்கு அதன் சகோதர ஆட்டம் ஒன்று வந்தது என்றும், வீட்டுப் பெட்டியில் இருவர் ஆடலாம், கைக்கருவியில் ஒருவர்தான் ஆட முடியும் என்றும் பிற்காலத்தில் ஏதோ ஒரு கணினி மையத்தில் உட்கார்ந்து அவர் படித்தறிந்தார். படித்தவர் எழுந்து வந்து என்னிடம் சொன்ன முதல் வார்த்தை எனக்கு ஞாபகம் இருக்கிறது. “ஐயா, ஒண்ணுல தம்பி இருக்கான், கரண்டு இல்ல. இன்னொண்ணுல கரண்டு வேணாம், ஆனா தம்பி இல்ல.” நான் தமிழாசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன். இவ்வளவு சுருக்கமாக ஒரு தர்மசங்கடத்தை என் மாணாக்கர் எவரும் எழுதிக்காட்டியதில்லை.

தராசு நிரந்தரமாகத் தொங்க ஆரம்பித்தது 2005-இல். கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ வரிசையில் லிபர்ட்டி சிட்டி ஸ்டோரீஸ் என்ற ஆட்டம் அந்த ஆண்டு அக்டோபரில் சோனியின் கைக்கருவியான பி.எஸ்.பி.க்கு மட்டும் வந்தது. பி.எஸ்.பி. வாங்குவது என்று அவர் ஏறக்குறைய முடிவு கட்டியிருந்த சமயத்தில், 2006 ஜூனில் அதே ஆட்டம் பிளேஸ்டேஷன் 2 என்னும் வீட்டுப் பெட்டிக்கும் வந்து சேர்ந்தது. ‘எட்டு மாசம் பொறுத்ததுக்குப் பலன் பாத்தீங்களா’ என்று அவர் அன்று பட்ட ஆனந்தம், மற்றவர்கள் ஆட்டத்தை ஆடி முடித்தபோதுகூடப் பட்டிருக்கமாட்டார்கள். ரசீதுப் புத்தகத்தின் பின்பக்கத்தில் அன்றிரவே இரண்டு பத்தி பிரித்தார். கைக்கருவியில் ஆறு பேர் கம்பியில்லாமலே சேர்ந்து ஆடலாம். வீட்டுப் பெட்டிக்கு வந்தபோது அந்தச் சௌகரியத்தை எடுத்துவிட்டார்கள். வீட்டுப் பெட்டியின் கைப்பிடியில் கட்டைவிரலுக்கு இரண்டு குமிழ்கள், ஒன்றால் நடக்கலாம், மற்றொன்றால் சுற்றிலும் பார்க்கலாம். கைக்கருவியில் குமிழ் ஒன்றே ஒன்று. “ஆறு பேருக்கு எங்க போறது? இந்த ஊர்ல இத வச்சிருக்கறவனே கெடையாது” என்று ஒரு தட்டிலிருந்து ஒரு படிக்கல்லை எடுப்பார், “ஆனா நாளைக்கு ஆறு பேரு வாங்கிட்டா?” என்று மறுபடி வைப்பார்.

அதே 2006 செப்டம்பரில் அரசாங்கம் இலவச வண்ணத் தொலைக்காட்சி கொடுக்கத் தொடங்கியதும், நாளடைவில் அவர் வீட்டுக்கும் ஒன்று வந்தது. டிவி இருக்கிறது, இனி மாட்ட வேண்டியதுதானே என்று நாம் எண்ணுவோம். அவர் அளவுகோலை எடுத்தார். டிவி 14 அங்குலம், பி.எஸ்.பி.யின் திரை 4.3 அங்குலம். ஓர் அடி தள்ளிப் பிடித்த கைக்கருவியும் மூன்றேகால் அடி தள்ளி உட்கார்ந்து பார்க்கும் டிவியும் கண்ணுக்குச் சமம் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். நானும் போட்டுப் பார்த்தேன், கணக்குச் சரிதான். தவிர, அந்த 14 அங்குலத்தின் மீது மாலை ஆறரை முதல் இரவு பத்து வரை அவருடைய தாயாருக்குச் சர்வ சுதந்திர பாத்தியதை இருந்தது. ஒரு நெடுந்தொடரில் மாமியார் விஷம் கலக்கிக்கொண்டிருக்கும் கட்டத்தில் சிவப்பு, மஞ்சள், வெள்ளைக் கம்பிகளை எடுத்துக்கொண்டு டிவியின் முன்னால் போய் நிற்கத்தக்க வீரன் கம்பம் பள்ளத்தாக்கில் இன்னும் பிறக்கவில்லை.

பிறகு மின்வெட்டு வந்தது. 2008-இல் தலைகாட்டி 2012-இல் விசுவரூபம் எடுத்த அந்தக் காலத்தை, சென்னைக்கு வெளியே வாழ்ந்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். வெளிச்சம் இருந்த நேரத்தைத்தான் நாங்கள் விரல்விட்டு எண்ணினோம். கைக்கருவியின் தட்டு தரையைத் தொட்டுவிட்டது, இனித் தீர்ப்புத்தான் என்று நான் நம்பினேன். திண்ணையில் விசிறியும் கையுமாக உட்கார்ந்திருந்தவர், “அதுவும் கரண்டத் தின்னுதான்யா உசுரோட இருக்கு. நாலஞ்சு மணி நேரத்துல செத்துப்போகும். அப்புறம் எங்க சார்ஜ் போடுறது?” என்று கேட்டு, தட்டை மறுபடி சமநிலைக்குக் கொண்டுவந்துவிட்டு நிம்மதியாக விசிறிக்கொண்டார்.

அந்த இருட்டில் பேச்சைத் தவிர வேறு பொழுதுபோக்கு இல்லாமையால், அவருடைய சித்தாந்தங்களில் முதிர்ந்தவை யாவும் அந்த ஆண்டுகளில் உருவானவையே. அவற்றில் தலைசிறந்தது மூலவர்–உற்சவர் சித்தாந்தம். வீட்டுப் பெட்டி மூலவர். பீடத்தை விட்டு அசையாது. தரிசனம் வேண்டுமானால் நாம்தான் போய், நேரம் பார்த்து, நடை திறந்திருக்கிறதா என்று விசாரித்து நிற்கவேண்டும். கைக்கருவி உற்சவர், வீதிக்கு வரும், தோப்புக்கு வரும், தேனிப் பேருந்தில் ஜன்னலோரம்கூட எழுந்தருளும், ஆனால் மூர்த்தி சிறிது. ‘சாந்நித்தியம் எதில் அதிகம்?’ என்பது அவர் என்னிடம் எழுப்பிய வினா. எங்கள் ஊர் மூலவர் மஞ்சள் காப்பிட்டு அடக்கிவைக்க வேண்டிய அளவுக்கு வளர்ந்துகொண்டே போகிறவர் என்பது ஐதிகம். இவருடைய வினாவுக்கு அந்த மஞ்சளும் போதாது என்று சொல்லி எழுந்து வந்துவிட்டேன்.

அவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. என் பெரியப்பா ஒருவர் வால்வு ரேடியோவா, அப்போதுதான் புழக்கத்துக்கு வந்த டிரான்சிஸ்டரா என்று ஒரு தீபாவளிக்கு யோசிக்கத் தொடங்கினார். வால்வு ரேடியோவில் நாதம் கம்பீரம். டிரான்சிஸ்டரைக் கமலை மேட்டுக்குக் கொண்டுபோகலாம். தபாலாபீசில் ரேடியோவுக்கு லைசென்ஸ் கட்டிய காலம் அது. அவர் கட்டவேண்டிய அவசியம் கடைசிவரை நேரவில்லை.

2009-இல் ஐதராபாத்து நிறுவனம் ஒன்று உருவாக்கிய ‘ஹனுமான்: பாய் வாரியர்’ என்ற ஆட்டம் பிளேஸ்டேஷன் 2-க்கு வந்தது. சனி தொடாத தெய்வம் அனுமன். அந்த அனுமனே கதாயுதத்தோடு வந்து அழைத்தும், கைக்கருவிக்கும் வருகிறதா பார்க்கலாம் என்று இருந்துவிட்டார். இதைவிட விசேஷம் மான்ஸ்டர் ஹன்டர் ஆட்டத்தின் கதை. மூன்றாம் பாகத்தின் விரிவான பதிப்பு ஜப்பானில் 2011 டிசம்பரில் நின்டெண்டோவின் 3டிஎஸ் கைக்கருவிக்கும், 2012 டிசம்பரில் வீ யூ என்னும் வீட்டுப் பெட்டிக்கும் வந்தது. கைக்கருவியில் வேட்டையாடிய வேட்டைக்காரனை அப்படியே வீட்டுப் பெட்டிக்கு மாற்றி, பாதியில் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். வேண்டுமானால் திரும்பவும் கைக்கு வரலாம். இரண்டையும் வாங்குவோருக்கு இது வரப்பிரசாதம். ஒன்றையும் வாங்காதவருக்கோ வேதாந்த விசாரமாகிவிட்டது. “கூடு விட்டுக் கூடு பாயிறான்யா. அப்ப எந்தக் கூடு அவனுக்குச் சொந்தம்?” என்று ஒரு மார்கழி முழுவதும் கேட்டுக்கொண்டிருந்தார். திருமூலரை அழைத்து வந்தால் ஒழிய இதற்கு விடை கிடைக்காது என்றேன். அதையும் ரசீதின் பின்னால் குறித்துக்கொண்டார் என்று நினைக்கிறேன்.

பெட்டிகளுக்கும் ஏழரை உண்டு என்பதை அவர் மூலமாகத்தான் அறிந்தேன். பிளேஸ்டேஷனின் மூன்றாவது அவதாரம் 2006 நவம்பர், நான்காவது 2013 நவம்பர், ஐந்தாவது 2020 நவம்பர். சரியாக ஏழேழு ஆண்டு. ஒன்றை வாங்கலாம் என்று மனம் கனிந்து வரும்போது அதன் ஆயுள் முடிந்து அடுத்தது வந்து உட்கார்ந்துவிடும். விலை இறங்கட்டும் என்று காத்திருப்பார். இறங்கியதும், இறங்கிவிட்டதே, இனி அடுத்தது வருமே என்று காத்திருப்பார்.

இந்த நெடும் வழக்கு 2017 மார்ச்சில் முடிந்திருக்கவேண்டும். நின்டெண்டோ ஸ்விட்ச் என்ற கருவி அந்த மாதம் வெளிவந்தது. கையில் வைத்தால் கைக்கருவி. அதையே ஒரு தொட்டிலில் சொருகினால் டிவியில் தெரியும் வீட்டுப் பெட்டி. மூலவரும் உற்சவரும் ஒருவரே ஆகிவிட்டார். இந்தச் செய்தியைச் சொல்ல அவர் என் வீட்டுக்கு வந்தபோது முகத்தில் ஒரு சூனியம் தெரிந்தது. அறுபது ஆண்டு நடந்த பாகப்பிரிவினை வழக்கு திடீரென ராஜியாகிவிட்டால் வக்கீல் குமாஸ்தாவின் முகம் அப்படித்தான் இருக்கும். நல்லவேளையாக அந்த வாட்டம் நெடுநாள் நீடிக்கவில்லை. அதனுடன் வெளிவந்த செல்டா ஆட்டம் கையில் வைத்து ஆடினால் 720 வரிகளிலும் டிவியில் 900 வரிகளிலும் தெரிகிறது என்று ஒரு வாரத்தில் கண்டுபிடித்துவிட்டார். “அந்த 180 வரி எங்கய்யா போகுது?” இரண்டு ஆண்டு இதில் கழிந்தது. 2019 செப்டம்பரில் அந்த நிறுவனமே, டிவியில் மாட்டவே முடியாத, கையில் மட்டும் வைத்து ஆடும் ஸ்விட்ச் லைட் என்ற சிறிய கருவியை வெளியிட்டு, ஒன்றாகியிருந்ததை மறுபடி இரண்டாக்கிக் கொடுத்தது. அந்தச் சனிக்கிழமை அவர் இரண்டு எள் தீபம் ஏற்றினார்.

சிங்கப்பூரில் வேலை பார்க்கும் உறவினர் ஒருவர் ஊருக்கு வரும் சமயம், தராசுக்காரரின் அக்காள் மகன், பதினான்கு வயதுப் பையன், திண்ணைக்கு வந்து நின்றான். நானும் இருந்தேன்.

“மாமா, சித்தப்பா கேக்குறாரு. டிவியில மாட்டுறது வாங்கவா, கையில வச்சு ஆடுறது வாங்கவா?”

தராசுக்காரர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. “ஒனக்குக் கையில வச்சு ஆடுறதுதான்டா. ஸ்கூல் பஸ்ல போற வர ஒன்ற மணி நேரம் இருக்கு, ஒங்க வீட்ல டிவி ஒங்கப்பன் கையில. லைட்டே போதும். கண்ணாடி ஒட்டிக் குடுக்கச் சொல்லு.”

அரை நிமிஷம் ஆகியிருக்காது. பையனுக்கு அந்தக் கருவி வந்தது. ஒரு காலாண்டு விடுமுறைக்குள் செல்டாவை முடித்துவிட்டு, மாமாவிடம் வந்து கதையைச் சொல்லத் தொடங்கினான். அவர் காதைப் பொத்திக்கொண்டார். தாம் ஆடும்போது சுவை கெட்டுவிடுமாம்.

வாசகர்களில் எவருக்கேனும் இந்த விஷயத்தில் சந்தேகம் இருந்தால் தயங்காமல் சின்னமனூர் வந்து அவரைக் கேட்கலாம். வீட்டில் டிவி யார் கையில் இருக்கிறது, பேருந்துப் பயணம் எவ்வளவு நேரம், கூட ஆடத் தம்பி உண்டா என்ற மூன்று விவரம் மட்டும் கைவசம் இருக்கட்டும். பத்து மணிக்குக் கடை திறப்பார். பத்தே காலுக்கு நீங்கள் பேருந்து ஏறிவிடலாம்.